2147483647 பகா எண்தானா? நோட்டும் பேனாவும் வைத்துக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகள் பெங்களூரில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் முதலாண்டு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அல்சூரில் அக்கா வீட்டில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தேன். அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாமா, பகா எண்ணான்னு பார்க்க ஒரு புரோகிராம் எழுதினேன். எல்லா எண்ணுக்கும் சரியாச் சொல்லுது. இந்த ஒண்ணுக்கு மட்டும் சந்தேகமா இருக்கு. நீங்களே பாருங்க."

திரையில் 2147483647 இருந்தது. சில நொடி ஓடிவிட்டு, 'பகு எண்' (அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எண்ணாலும் வகுபடுவது) என்று பதில் காட்டியிருந்தது புரோகிராம்.

"இது பகா எண்தான்மா. 1772-லேயே கணித மேதை ஆய்லர் நிரூபிச்சுட்டார்" என்றேன்.

"அவர் சொன்னார்ன்னு நீங்க சொல்றீங்க. இது இல்லைங்குது. நான் எதை நம்பறது?"

நியாயமான கேள்வி. லேப்டாப்பை மூடச் சொல்லி, ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வரச் சொன்னேன். அன்று சாயங்காலம் வரை நாங்கள் செய்ததை, நீங்களும் செய்து பார்க்கும்படி வரிசையாக எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், மீதி வரும் வகுத்தல் தெரிந்தால் போதும். பத்தாம் வகுப்பு மாணவர் யாரும் தொடரலாம். படிப்பதோடு நிறுத்தாமல் பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எண்ணின் உருவத்தைப் பாருங்கள்

நம் முறையில் படித்தால் இது இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. பத்து இலக்கம். பார்வைக்கு எந்த ஒழுங்கும் தெரியாது.

சதுரங்கப் பலகையில் அரிசி வைக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் 1, அடுத்ததில் 2, அப்புறம் 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போவது. முதல் 31 கட்டங்களில் இருக்கும் மொத்த அரிசியைக் கூட்டினால் வருவது சரியாக 2147483647. முப்பத்திரண்டாவது கட்டத்தில் வைக்க வேண்டியது 2³¹, அதாவது 2147483648. அதுவரை வைத்தவை எல்லாம் சேர்ந்து எப்போதும் அடுத்த கட்டத்தைவிட ஒன்று குறைவு. ஆக நம் எண் 2³¹ − 1.

0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து எழுதும் இரண்டடிமான முறையில் எழுதினால் இது 31 ஒன்றுகள் வரிசையாக நிற்பது. கணினியில் முழு எண்ணுக்கு வழக்கமாக ஒதுக்கும் 32 இடங்களில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 இடங்களிலும் ஒன்றை நிரப்பினால் கிடைக்கும் மிகப் பெரிய எண் இதுதான். புரோகிராம் எழுதுகிற எவரும் என்றாவது ஒருநாள் இதைச் சந்தித்திருப்பார்கள்.

இந்த உருவம்தான் நம் கையில் இருக்கும் சாவி. இதே அளவில் ஏதோ ஒரு பத்து இலக்க எண்ணைக் கொடுத்திருந்தால் இன்று மத்தியானம் போதாது.

படி 2: மேலே இருக்கும் 31-ஐச் சோதியுங்கள்

2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைத்த எண் பகா எண்ணாக வேண்டும் என்றால், அந்த அடுக்கும் பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். காரணம் கண்ணுக்கே தெரியும். ஆறு ஒன்றுகளை எழுதிப் பாருங்கள்: 111111. அதை மூன்று மூன்றாகப் பிரிக்கலாம் அல்லவா? 111 (இரண்டடிமானத்தில் அது 7) இரண்டு தடவை வருகிறது. எனவே 2⁶ − 1 = 63 என்பது 7-ஆல் வகுபடும். அடுக்கைச் சம துண்டுகளாக வெட்ட முடிந்தால் எண்ணும் உடையும். 31-ஐ அப்படி வெட்ட முடியாது. முதல் வாசலைத் தாண்டிவிட்டோம்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. பிரான்சில் இருந்த துறவி மெர்சென் 1644-இல் எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்று 257 வரை ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் 31 இருந்தது, அது சரி. 67-உம் 257-உம் இருந்தன, அவை தவறு. 61, 89, 107 விட்டுப்போயிருந்தன. இருந்தாலும் இந்த வகைப் பகா எண்களுக்கு அவர் பெயர்தான் நிலைத்தது. நம்முடையது எட்டாவது மெர்சென் பகா எண். அதற்கு முந்தைய ஏழின் அடுக்குகள் 2, 3, 5, 7, 13, 17, 19.

படி 3: எதுவரை தேட வேண்டும்?

ஒரு எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு காரணி கட்டாயம் இருக்கும். 46340-இன் வர்க்கம் 2147395600, நம் எண்ணைவிடச் சிறியது. 46341-இன் வர்க்கம் 2147488281, நம் எண்ணைத் தாண்டிவிட்டது. ஆக 46340 வரை தேடினால் போதும். இந்த 46341-ஐ நோட்டின் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

46340-க்குள் பகா எண்கள் நாலாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணை வகுப்பது மனிதர் செய்கிற வேலை அல்ல. மருமகள் நோட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இங்கேதான் வகுப்பதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பிக்க வேண்டும்.

படி 4: முதல் வடிகட்டி

நம் எண்ணை வகுக்கும் ஒரு பகா எண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 'வ' என்று பெயர். 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் வ-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 2³¹ − 1 வ-ஆல் வகுபடுவதால், 31 தடவை இரட்டித்ததும் மீதி மறுபடி 1-க்கே வந்துவிடும். கடிகார முள் சுற்றி வருவது மாதிரி. 31 பகா எண் என்பதால் இந்தச் சுற்று இதைவிடச் சின்னதாக இருக்க முடியாது.

இப்போது ஃபெர்மாவின் சிறு தேற்றம் சொல்வதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வ ஓர் ஒற்றைப்படைப் பகா எண் என்றால், (வ − 1) தடவை இரட்டித்தாலும் மீதி 1-தான். 31-க்கு ஒருமுறை மட்டுமே 1-ஐத் தொடும் முள், (வ − 1)-ஆவது தடவையிலும் 1-இல் நிற்கிறது. அப்படியானால் வ − 1 என்பது 31-இன் மடங்கு. வ ஒற்றைப்படை என்பதால் வ − 1 இரட்டைப்படை. இரண்டும் சேர்ந்தால் வ − 1 என்பது 62-இன் மடங்கு.

அதாவது காரணி என்று ஒன்று இருந்தால் அது 62க + 1 என்ற வடிவத்தில்தான் இருக்க முடியும் (க ஏதோ ஒரு முழு எண்). 3, 5, 7, 11, 13 என்று நாம் பயந்துகொண்டிருந்த கூட்டம் அத்தனையும் ஒரே அடியில் வெளியே போய்விட்டது.

நம்பிக்கை வர வேண்டுமானால் 2047-ஐப் பாருங்கள். அங்கே அடுக்கு 11, எனவே காரணிகள் 22க + 1 வடிவத்தில் வர வேண்டும். 23 = 22 + 1. 89 = 88 + 1. அப்படியே பொருந்துகிறது.

படி 5: இரண்டாவது வடிகட்டி

2³¹-ஐ வகுத்தால் மீதி 1 என்றால், 2³²-ஐ வகுத்தால் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஆக வ-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் வ-இன் உலகத்தில் 2 என்பது ஒரு வர்க்க எண். எந்தப் பகா எண்களுக்கு இப்படி 2 வர்க்கமாக அமையும் என்பது எண் கோட்பாட்டில் புகழ்பெற்ற ஒரு முடிவு: 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களுக்கு மட்டும். இதன் நிரூபணம் தனியாக ஒரு மாலைப் பொழுதைக் கேட்கும், அதனால் முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு வடிகட்டியையும் சேர்த்தால் மிஞ்சுவது இரண்டே வரிசை: 248க + 1, 248க + 63. 46340-க்குள் முதல் வரிசையில் 186 எண்கள், இரண்டாவதில் 63-ஐ விட்டுவிட்டால் 186 எண்கள். மொத்தம் 372. இவற்றிலும் 3-ஆலோ 5-ஆலோ 7-ஆலோ வகுபடுவதை அடித்துவிட்டுப் பகா எண்களை மட்டும் வைத்தால் சுமார் எண்பதுதான் நிற்கும். நாலாயிரம் எங்கே, எண்பது எங்கே!

ஆய்லர் இந்த வழியில்தான் போனார். பெர்னூலி என்ற கணிதருக்கு எழுதிய கடிதத்தில் இந்த இரண்டு வரிசைகளையும் சொல்லித் தன் முடிவைத் தெரிவித்தார். அப்போது அவர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். பார்வை ஏறக்குறைய முழுவதுமாகப் போயிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

ஒரு ஒத்திகை

பெரிய எண்ணில் இறங்குமுன் சின்னதில் கை பழகிக்கொள்வோம். 2¹³ − 1 = 8191. வர்க்கமூலம் 90-ஐக் கொஞ்சம் தாண்டும். காரணிகள் 26க + 1 வடிவம்: 27, 53, 79. இவற்றை 8-ஆல் வகுத்தால் மீதி முறையே 3, 5, 7. நிற்பது 79 மட்டும். 79 × 103 = 8137, மீதி 54. வகுபடவில்லை. எனவே 8191 பகா எண். ஒரே ஒரு வகுத்தல்!

மருமகள் இதை நம்பாமல் 3, 7, 11, 13 என்று பழைய முறையில் மறுபடி வகுத்துப் பார்த்தாள். அது நல்ல பழக்கம், நீங்களும் செய்யுங்கள்.

படி 6: 65536 உத்தி

பத்து இலக்க எண்ணை வகுக்கவும் வேண்டியதில்லை. படி 5-இல் பார்த்ததே குறுக்கு வழி. ஒரு வேட்பாளர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 65536-ஐ அதனால் வகுத்து மீதியை எழுதுங்கள். அந்த மீதியை வர்க்கமாக்கி மறுபடி அதே எண்ணால் வகுங்கள். கடைசி மீதி 2 என்றால் அது நம் எண்ணின் காரணி. 2 இல்லையென்றால் காரணி இல்லை.

வரிசையில் முதலில் வருவது 249, அது 3 × 83, தள்ளுங்கள். அடுத்தது 311, பகா எண். 65536-ஐ 311-ஆல் வகுத்தால் மீதி 226. அதன் வர்க்கம் 51076. அதை 311-ஆல் வகுத்தால் மீதி 72. இரண்டு இல்லை. 311 போச்சு. (இதை நேராக வகுத்தும் சரிபார்த்தோம்: 311 × 6905092 = 2147483612, மீதி 35. இரட்டித்து 2 கூட்டினால் அதே 72 வருவதைக் கவனியுங்கள்.)

அடுத்து 497 = 7 × 71. 559 = 13 × 43. 745, 807, 993, 1055 எல்லாம் 3 அல்லது 5-இன் மடங்குகள். 1241 = 17 × 73. அப்புறம் 1303, பகா எண். 65536-இன் மீதி 386, வர்க்கம் 148996, மீதி 454. இல்லை. அடுத்தது 1489. இங்கே 65536-இன் மீதி வெறும் 20! வர்க்கம் 400. அதை வகுக்கவே வேண்டாம்; 400 என்பது 2 அல்ல. முடிந்தது.

1500 வரை சோதிக்க வேண்டியிருந்தது மூன்றே எண்கள் என்பதைப் பார்த்ததும் மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு பேனா அவள் கையில்தான்.

இந்த வடிகட்டியும் உத்தியும் நிஜமாகவே காரணியைப் பிடிக்குமா என்று சந்தேகம் வந்தால் 2²⁹ − 1 = 536870911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியர் காட்டால்டி 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று 1588-இல் சரியாகக் காட்டியவர். அவர் 23, 29, 37 ஆகிய அடுக்குகளையும் பகா எண் தரும் என்று சொல்லிவிட்டார், அது தவறாகப் போயிற்று. 29-க்குக் காரணிகள் 58க + 1 வடிவம்: 59, 117, 175, 233. இவற்றில் 8-ஆல் வகுத்து 1 அல்லது 7 வருபவை 175, 233. 175 பகா எண் அல்ல. மிஞ்சுவது 233. இந்த அடுக்குக்கு 65536-க்குப் பதில் 2¹⁵ = 32768-ஐ எடுக்க வேண்டும். அதை 233-ஆல் வகுத்தால் மீதி 148. வர்க்கம் 21904. 233 × 94 = 21902. மீதி 2. முதல் வேட்பாளரிலேயே மாட்டிக்கொண்டது. 536870911 = 233 × 1103 × 2089.

படி 7: வகுக்காமலே முடிவு சொல்லும் சோதனை

எண்பது எண்களையும் சோதிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, லூகாஸ் என்ற கணிதர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டு, லெமர் என்ற கணிதர் 20-ஆம் நூற்றாண்டில் செம்மைப்படுத்திய சோதனை இருக்கிறது. என் கணக்கில் இது எண் கோட்பாட்டின் மிக அழகான கருவிகளில் ஒன்று.

4-இல் ஆரம்பியுங்கள். வர்க்கமாக்கி 2 கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப இதையே செய்யுங்கள். அடுக்கு எவ்வளவோ அதைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். இதில் 'அநேகமாக' என்ற பேச்சே கிடையாது.

2⁷ − 1 = 127-க்குச் செய்வோம். ஐந்து தடவை. 4-இன் வர்க்கத்தில் 2 போக 14. அடுத்து 194, மீதி 67. 67-இன் வர்க்கத்தில் 2 போக 4487, மீதி 42. அடுத்து 1762, மீதி 111. கடைசியாக 12319, அது 127 × 97, மீதி 0. பகா எண்.

2047-க்கு ஒன்பது தடவை செய்தால்: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் வரவில்லை. பகு எண் என்று சோதனை சொல்லிவிட்டது. ஆனால் 23, 89 என்ற காரணிகளை அது காட்டிக்கொடுக்காது.

நம் எண்ணுக்கு 29 தடவை. 14, 194, 37634, 1416317954, அப்புறம் 669670838 என்று எண்கள் பெரிதாகிவிடும். கையால் செய்ய ஒரு சலுகை உண்டு. 2³¹-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. அதனால் பெருக்கி வந்த பெரிய எண்ணை இரண்டடிமானத்தில் எழுதி, வலப்பக்கம் 31 இடங்களை வெட்டி, மேலே நிற்கும் துண்டைக் கீழே கூட்டினால் போதும், மீதி வந்துவிடும். பள்ளியில் இலக்கங்களைக் கூட்டி 9-இன் மீதி கண்டுபிடிப்போமே, அதே வித்தை. கணினிகள் மெர்சென் எண்களை இவ்வளவு வேகமாகச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருபத்தெட்டாவது தடவையில் வருவது 65536. பழைய நண்பர்! 65536-இன் வர்க்கம் 2³², அதன் மீதி 2, அதில் 2 போனால் 0. இது தற்செயல் அல்ல. கடைசியில் 0 வர வேண்டுமானால் அதற்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2 ஆக இருக்க வேண்டும். அதற்கு இடம் 65536-க்கும், நம் எண்ணிலிருந்து 65536-ஐக் கழித்து வருவதற்கும் மட்டும். 127-இல் கடைசிக்கு முன் வந்த 111-ஐத் திரும்பப் பாருங்கள். 127 − 111 = 16 = 2⁴.

இதே பாதையில் லூகாஸ் 1876-இல் 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 39 இலக்கம், கணினி இல்லாத காலம்.

படி 8: கணினி ஏன் தப்பாகச் சொன்னது?

காபி வந்தபோது லேப்டாப்பைத் திறந்தோம். அவள் ஜாவாவில் எழுதியிருந்த முறை எல்லோரும் எழுதுவதுதான்: எண்ணியை 2-இலிருந்து ஆரம்பித்து, எண்ணியின் வர்க்கம் நம் எண்ணைத் தாண்டாத வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது.

நோட்டின் ஓரத்தில் வட்டம் போட்ட 46341-ஐக் காட்டினேன். எண்ணி 46341-க்கு வந்ததும் சுற்று நிற்க வேண்டும். ஆனால் அதன் வர்க்கம் 2147488281. அது 32 இடத்தில் கொள்ளும் எல்லையை 4634 தாண்டிவிட்டது. ஜாவாவில் எல்லையைத் தாண்டிய எண் மறுபக்கம் போய் எதிர்ம எண்ணாக விழும்: −2147479015. எதிர்ம எண் நம் எண்ணைவிடச் சிறியதுதானே, எனவே சுற்று தொடர்கிறது. 32 இடத்தில் எழுதக்கூடிய எந்த எண்ணும் 2147483647-ஐத் தாண்ட முடியாது, ஆகவே நிறுத்தும் நிபந்தனை ஒருபோதும் பலிக்காது. எண்ணி போய்க்கொண்டே இருந்து கடைசியில் 2147483647-ஐயே தொடும். தன்னைத் தானே வகுத்தால் மீதி 0. உடனே 'பகு எண்' என்று அறிவித்துவிடுகிறது.

அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ தப்பு எண்ணுல இல்ல, பாத்திரத்துல" என்றாள்.

திருத்துவது சுலபம். எண்ணியை வர்க்கமாக்காமல், எண்ணை எண்ணியால் வகுத்து வரும் ஈவோடு எண்ணியை ஒப்பிடுங்கள். அல்லது 64 இடம் உள்ள எண் வகையைப் பயன்படுத்துங்கள். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த எல்லை இல்லாததால் அங்கே இந்தச் சிக்கல் எழாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஃபெர்மா சோதனையை (படி 4-இன் சிறு தேற்றம் ஓர் எண்ணுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது) 2-ஐ அடியாக வைத்துச் செய்யாதீர்கள். அடுக்கு பகா எண்ணாக இருக்கும் எல்லா மெர்சென் எண்களும், 2047 போன்ற பகு எண்கள் உட்பட, அந்தச் சோதனையில் தேறிவிடும். வேறு வகை எண்களையும் சோதிக்கும் பொதுவான புரோகிராம் வேண்டுமென்றால் மில்லர்–ராபின் என்ற, இதைவிடக் கறாரான சோதனை முறையில் 2, 3, 5, 7 என்ற நான்கு அடிகளையும் வைத்துப் பாருங்கள். 3215031751-க்குக் கீழே உள்ள எந்தப் பகு எண்ணும் நான்கையும் ஏமாற்ற முடியாது. நம் எண் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

படி 9: ஒன்று குறைத்துப் பாருங்கள்

ஒரு பகா எண்ணின் குணம் தெரிய வேண்டுமானால் அதில் ஒன்றைக் குறைத்து உடைத்துப் பார்க்க வேண்டும். 2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. கையால் உடைக்கும் வழி: இது 2 × (2³⁰ − 1). அந்த 2³⁰ − 1 என்பது 32767 × 32769. இரண்டையும் தனித்தனியே உடைத்தால் போதும்.

இந்தப் பட்டியலில் 5 இல்லை என்பதற்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. 7-ஐ எடுத்து, 7-ஆலேயே பெருக்கிப் பெருக்கி நம் எண்ணால் வகுத்த மீதிகளை எழுதிக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு தடவை வந்த பிறகுதான் சுற்று முடியும். 5 பட்டியலில் இல்லாததால் 7⁵ = 16807-க்கும் அதே குணம். எங்கிருந்து தொடங்கினாலும் 16807-ஆல் பெருக்கு, மீதி எடு, அதுதான் அடுத்த எண். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். பார்க்கக் குருட்டாம்போக்கில் வருவது போல் இருக்கும். பார்க், மில்லர் என்ற இருவர் 1988-இல் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்த முறை இது. சி++ என்ற கணினி மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. விளையாட்டுக்கும் ஒத்திகைக் கணக்குக்கும் சரி. கடவுச்சொல், ஓடிபி பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு எண் தெரிந்தால் அடுத்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

படி 10: கூடவே கிடைக்கும் நிறைவெண்

6-இன் வகுத்திகளில் 6-ஐ விட்டால் மிஞ்சுபவை 1, 2, 3, கூட்டினால் 6. 28-க்கும் அப்படியே. தன்னைத் தவிர மற்ற வகுத்திகளின் கூட்டலுக்குத் தானே சமமான எண் நிறைவெண். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைக் கொண்டுவரும். நம்முடையதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் 1811-இல், இதுவே கண்டுபிடிக்கப்படும் கடைசிப் பெரிய நிறைவெண்ணாக இருக்கும், பயன் இல்லாத இதைத் தாண்டி யாரும் தேடப் போவதில்லை என்று எழுதினார். தேடினார்கள். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர், கிம்ப்ஸ் என்ற கூட்டுத் தேடல் திட்டத்தின் வழியாகக் கண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற பகா எண்ணுக்கு 41024320 இலக்கங்கள். அதையும் உறுதிசெய்தது படி 7-இல் நாம் செய்த அதே சோதனைதான்.

நம் எண்ணின் குடும்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 31-ஏ ஒரு மெர்சென் பகா எண். 5-ஐ அடுக்காக வைத்தால் 31, 31-ஐ அடுக்காக வைத்தால் 2147483647. அப்படியானால் இதையே அடுக்காக வைத்தால்? ஆசையைத் தூண்டும் கேள்வி, ஆனால் பதில் இல்லை என்பதுதான். அந்தப் பிரம்மாண்ட எண் 295257526626031-ஆல் வகுபடும். இந்தக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து 2147483647-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 137490 வரும். படி 4-இன் வடிகட்டி இங்கேயும் அப்படியே வேலை செய்கிறது.

படி 11: நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1-இலிருந்து கடந்த நொடிகளாக எண்ணுகின்றன. 32 இடப் பெட்டியில் எண்ணுபவற்றுக்கு எல்லை 2147483647 நொடி. அது நிரம்பும் கணம் இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் அந்தப் பெட்டி எதிர்மமாகி 1901 டிசம்பருக்குப் போய்விடும். ஜாவா புரோகிராமுக்கு நடந்த அதே விபத்து. 64 இடத்துக்கு மாறிய கணினிகளுக்கு இது இல்லை. மாற்றப்படாத பழைய சாதனங்களைத்தான் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். மருமகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்போது அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

உங்களுக்கு ஒரு கணக்கு

2¹⁹ − 1 = 524287-ஐ இந்த முறையில் சோதியுங்கள். வர்க்கமூலம் 724-ஐ ஒட்டி. பழைய முறையில் 128 பகா எண்களால் வகுக்க வேண்டும். 38க + 1 வடிவத்தையும் 8-இன் மீதியையும் சேர்த்தால் மூன்றே பகா எண்கள் மிஞ்சும்: 191, 457, 647. உத்திக்கு எடுக்க வேண்டிய எண் 2¹⁰ = 1024.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நோட்டில் ஐயாயிரம் வரைதான் போனோம். மீதியை மருமகள் விடவில்லை. அல்சூர் மெட்ரோவில் ஏறிக் கல்லூரி போய்ச் சேரும் வரை தினமும் ஐந்தாறு எண்கள். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை இரவு போன் வந்தது.

"மாமா, 46340 வரைக்கும் முடிச்சுட்டேன். ஒண்ணுல கூட 2 வரல."

"அப்போ எதை நம்பப் போற?"

"நோட்டைத்தான். ஆனா எத்தனை போட்டாலும் எனக்குப் பிடிச்சது அந்த 1489-தான் மாமா. இருபது, நானூறு, அவ்வளவுதான்."